தேடினால் வேறொருவரின் பெயர்: இணையத்தளத்தின் பெயரைக் கூகுளில் சரியாகக் காட்டுவது எப்படி?

சில மாதங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாரிஸிலிருந்து எனக்கு ஓர் அழைப்பு வந்தது. எங்கள் ஊரைச் சேர்ந்த அக்கா ஒருவர். முப்பது வருடங்களுக்கு மேலாக அங்கேதான் இருக்கிறார்.

“தம்பி, தண்ணித் தாங்கிக்குக் காசு கேட்டு எழுதினது உங்கட பக்கம்தானே? தேடிப் பாத்தா மேல ஏதோ கொம்பனியின்ர பேர் கிடக்குது. கள்ளர் ஆரும் எங்கட பேரிலை செய்யிறாங்களோ எண்டு பயமாயிருக்கு.”

ஊர்காவற்றுறையில் எங்கள் வட்டாரத்துச் சனசமூக நிலையத்தின் இணையத்தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மரண அறிவித்தல், கோயில் திருவிழா, பாடசாலைச் செய்தி, காரைநகருக்கான பாதை ஓடாத நாள் என்று ஊருக்குத் தேவையானவை அதில் வரும். அந்த மாதம் முன்பள்ளிக்கு ஒரு தண்ணீர்த் தாங்கி வைக்க உதவி கேட்டிருந்தோம். தீவகத்தில் குடிதண்ணீர் எவ்வளவு பெரிய பிரச்சினை என்பதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

தொலைபேசியை வைத்துவிட்டு நானும் தேடினேன். அக்கா சொன்னது உண்மை. நீல எழுத்தில் வந்த தலைப்பு எங்களுடையது, கீழே வந்த இரண்டு வரியும் எங்களுடையது. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே, சிறிய வட்டப் படத்துக்குப் பக்கத்தில், எங்களுக்குப் பக்கம் வடிவமைத்துத் தந்த நிறுவனத்தின் பெயர் இருந்தது. அந்தக் கிழமையே இன்னும் இருவர் வட்ஸ்அப்பில் இதையே கேட்டார்கள். ஒருவர், ஊரில் யாரிடமாவது விசாரித்த பிறகு காசு அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டார். அவர்கள் சந்தேகப்பட்டதில் பிழை இல்லை. ஊரின் பெயரைச் சொல்லிக் காசு கேட்கும் போலிப் பக்கங்களைப் பற்றி எச்சரித்து, நாங்களே முன்பு அறிவித்தல் போட்டிருக்கிறோம்.

இதைச் சரிசெய்ய எனக்கு மூன்று மாதம் பிடித்தது. அதில் பாதிக் காலம் பிழையான இடத்தில் தேடியதால் வீணானது. பழைய மாணவர் சங்கம், ஆலய பரிபாலன சபை, கிராம அபிவிருத்திச் சங்கம் என்று எத்தனையோ தளங்கள் இதே நிலையில் இருப்பதைப் பார்க்கிறேன். அவற்றை நடத்துபவர்களுக்காக நான் கற்றதை இங்கே ஒழுங்காகத் தருகிறேன்.

தளப்பெயர் என்பது எது?

கூகுளில் ஒரு முடிவு வரும்போது அதில் நான்கு பகுதிகள் இருக்கும். மேலே சிறிய சின்னமும் தளத்தின் பெயரும். அதன் கீழே அல்லது பக்கத்தில் இணைய முகவரி. அடுத்து, அழுத்தக்கூடிய பெரிய தலைப்பு. கடைசியாக ஓரிரு வரி விளக்கம். பலர் தலைப்பையும் தளப்பெயரையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். தலைப்பு அந்த ஒரு பக்கத்துக்கு உரியது. தளப்பெயர் முழுத் தளத்துக்கும் உரியது. கடைக்குள் இருக்கும் பொருளின் பெயருக்கும் கடைவாசலில் தொங்கும் பலகைக்கும் உள்ள வேறுபாடுதான்.

இந்தப் பலகையை 2022 ஒக்டோபரில்தான் கூகுள் கைபேசித் தேடலில் தனியாகக் காட்டத் தொடங்கியது. அதுவும் முதலில் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன், யப்பானிய மொழிகளில் மட்டும். 2023 இல் கணினித் திரைக்கும் பின்னர் மற்ற மொழிகளுக்கும் வந்தது. அதற்கு முன் செய்யப்பட்ட தளங்களில் பெரும்பாலானவை இதை எண்ணிப் பார்த்திருக்க வழியில்லை.

முக்கியமான ஒன்று: இந்தப் பெயரை நீங்கள் நேரே எழுதி மாற்றும் இடம் எதுவும் கூகுளில் இல்லை. பெயரைத் தெரிவுசெய்வது இயந்திரம். உங்கள் முகப்புப் பக்கத்தில் பல இடங்களில் எழுதியிருப்பதைப் பார்த்து அது முடிவெடுக்கிறது. ஆகவே அந்த இடங்கள் எல்லாம் ஒரே பெயரைச் சொல்கின்றனவா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை.

முதற் காரணம்: சொந்த முகவரி இல்லை

நான் முதலில் செய்த பிழை, தலைப்பை மாற்றி மாற்றிப் பார்த்தது. நாலைந்து தடவை மாற்றியும் மேலே நிறுவனத்தின் பெயரே இருந்தது. காரணம் தலைப்பில் இல்லை, முகவரியில் இருந்தது.

எங்கள் தளத்துக்கென்று தனி முகவரி இருக்கவில்லை. செலவு குறைவு என்று, வடிவமைத்தவர்கள் தங்களுடைய இணைய முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு, எங்கள் பெயரில் ஒரு கோப்புறை திறந்து தந்திருந்தார்கள். நாங்களும் சந்தோசமாக வாங்கிக்கொண்டோம்.

கூகுளின் கணக்கில் ஒரு தளத்துக்கு ஒரு பெயர்தான். தளம் என்று அது எடுத்துக்கொள்வது முழு டொமைனை, அல்லது டொமைனின் முன்னால் புள்ளி வைத்துத் தொடங்கும் துணை டொமைனை. சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் கோப்புறைக்குத் தனிப்பெயர் கொடுக்காது. ஒருவரின் வீட்டு அறையில் வாடகைக்கு இருந்தால், வாசற்பலகையில் வீட்டுக்காரரின் பெயர்தானே இருக்கும்? அறைக் கதவில் எதை எழுதினாலும் தெருவில் போகிறவருக்குத் தெரியாது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அதே நிறுவனத்திடம் துணை டொமைன் கேட்பது. மற்றது, சொந்த டொமைன் வாங்குவது. நாங்கள் இரண்டாவதைத் தெரிவுசெய்தோம். இலங்கையில் எல்கே என்று முடியும் முகவரியும் வாங்கலாம், தமிழிலேயே ‘இலங்கை’ என்று முடியும் முகவரியும் உண்டு. தமிழ் முகவரி அழகானது, ஆனால் அதைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டும்போது சில வேளை எக்ஸ், என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் குவியலாக மாறும். அதைப் பார்த்து வெளிநாட்டில் இருப்பவர்கள் இன்னும் பயப்படுவார்கள் என்று நாங்கள் ஆங்கில எழுத்து முகவரியையே எடுத்தோம்.

இடம் மாறும்போது பழைய முகவரியைச் சும்மா அழித்துவிடக் கூடாது. பழைய பக்கம் ஒவ்வொன்றையும் புதிய பக்கத்துக்கு நிரந்தரமாகத் திருப்பிவிட வேண்டும். தொழில்நுட்பத்தில் இதை 301 திருப்பம் என்பார்கள். கூகுள் சேர்ச் கொன்சோலில் முகவரி மாற்றத்தை அறிவிக்க ஒரு கருவி உண்டு. ஆனால் அது முழு டொமைன் மாறும்போதுதான் உதவும், கோப்புறையிலிருந்து வெளியேறுபவர்களுக்கு உதவாது. அதனால் பக்கம் பக்கமாகத் திருப்பத்தான் வேண்டும். பழைய முகவரி மற்றவரின் கையில் இருப்பதால் அவர் மனம் வைத்தால்தான் இது நடக்கும். எங்களுக்கு அதற்கே மூன்று கிழமை போனது. புதிதாகத் தளம் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: டொமைனை உங்கள் சங்கத்தின் பெயரில், உங்கள் சங்கத்தின் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். வடிவமைப்பாளர் மாறலாம், செயலாளர் மாறலாம், முகவரி மாறக் கூடாது.

இரண்டாவது காரணம்: பாமினி

சொந்த முகவரிக்கு வந்த பிறகு நிறுவனத்தின் பெயர் போனது. ஆனால் அந்த இடத்தில் எங்கள் பெயரும் வரவில்லை. ஆங்கில எழுத்தில் வெறும் டொமைன் மட்டும் வந்தது. நம்பத்தக்க பெயர் ஒன்றும் அகப்படாதபோது கூகுள் டொமைனையே பெயராகப் போட்டுவிடும்.

முகப்புப் பக்கத்தில் எங்கள் பெயர் எவ்வளவு பெரிதாக இருக்கிறது, ஏன் இயந்திரத்துக்குத் தெரியவில்லை என்று யோசித்தேன். பிறகுதான் கவனித்தேன். மேலே உள்ள பெயர் எழுத்தே அல்ல, ஒரு படம். அதற்கு விளக்கச் சொல்லும் கொடுத்திருக்கவில்லை. பக்கத்தின் தலைப்போ பாமினியில் இருந்தது.

பாமினி எழுத்துருவைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கலியாண அழைப்பிதழ், கல்வெட்டு, துண்டுப்பிரசுரம் எல்லாம் அதில்தான் அடித்தோம். ஆனால் பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினிக்குள் கிடப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். பாமினி என்ற முகமூடியைப் போட்டால் மட்டுமே அது தமிழாகத் தெரியும். பக்கத்தின் உடலில் அந்த எழுத்துருவை ஏற்றிவைத்திருந்ததால் எங்கள் கண்ணுக்குக் குறை தெரியவில்லை. தேடுபொறிக்கு அந்த முகமூடி கிடையாது. அதற்கு எங்கள் பெயர் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரிந்தது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் தளத்தைத் திறந்து உலாவியின் மேற்புறத்தில் உள்ள தாவலைப் பாருங்கள். அங்கே தமிழ் தெரியாமல் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் தெரிந்தால் உங்கள் தலைப்பு யுனிகோட்டில் இல்லை. பாமினியிலிருந்து யுனிகோட்டுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பழைய செய்திகள் முழுவதையும் ஒரே நாளில் மாற்ற முடியாவிட்டாலும் முகப்புப் பக்கத்தை முதலில் மாற்றுங்கள். தளப்பெயருக்குக் கூகுள் பார்ப்பது முகப்பைத்தான்.

மூன்றாவது காரணம்: ‘ஊ’

மாற்றி முடித்தேன், பெயர் வந்தது. இரண்டு நாள் சந்தோசம். மூன்றாம் நாள் ஒரு நண்பர் திரைப்படம் எடுத்து அனுப்பினார். ‘உளர்காவற்றுறை’ என்றிருந்தது.

‘ஊ’ என்பது ஓர் எழுத்து, யுனிகோட்டில் அதற்கு ஓர் இடம். எங்கள் கோப்பில் யாரோ ஒரு காலத்தில் ‘உ’ வையும் ‘ள’ வையும் அடுத்தடுத்து அடித்து ‘ஊ’ ஆக்கியிருந்தார்கள். வேகமாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இயந்திரத்துக்கு அது வேறு சொல். ‘ஊர்காவற்றுறை’ என்று ஒருவர் ஒழுங்காகத் தேடும்போது எங்கள் தளம் பின்தள்ளப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

சோதிப்பது சுலபம். எழுத்துக்குப் பின்னால் சுட்டியை வைத்து அழிக்கும் விசையை ஒரு தடவை அழுத்துங்கள். முழு ‘ஊ’ வும் போனால் சரி. ‘உ’ மிஞ்சினால் பிழை. ‘ஔ’ வும் ‘ஒள’ வும் இதே கதைதான். ‘கௌ’ வில் வரும் கடைசிக் குறியை ‘ள’ என்று அடிப்பதும், காலுக்குப் பதில் ‘ர’ அடிப்பதும் பழைய கோப்புகளில் நிறைய உண்டு. பெயரை எங்கிருந்தும் படியெடுத்து ஒட்டாமல் ஒரு தடவை புதிதாக அடித்து, அதையே எல்லா இடத்துக்கும் பயன்படுத்துவது நல்லது.

ஓர் ஊர், பல பெயர்

அடுத்து வந்தது தொழில்நுட்பப் பிரச்சினை அல்ல. எந்தப் பெயரை வைப்பது என்று எங்கள் நிர்வாகக் கூட்டத்தில் ஒரு மாலை முழுவதும் விவாதம் நடந்தது.

ஊர்காவல், துறை என்ற சொற்கள் புணர்ந்தால் ஊர்காவற்றுறை. இலக்கணப்படி அதுதான். ஆனால் ஊர்காவற்துறை என்றும் ஊர்காவல்துறை என்றும் எழுதுபவர்கள் ஏராளம். ஆங்கிலத்தில் கயிற்ஸ். துறைமுக மேடையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து அது வந்தது என்பார்கள். நிர்வாகத்தில் எங்கள் பிரதேச செயலர் பிரிவுக்குத் தீவகம் வடக்கு என்றும் பெயர். நயினாதீவில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் 12 ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு எங்கள் துறையை ஊராத்துறை என்கிறது. ஒல்லாந்தர் வந்து தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டினார்கள். நாங்கள் இருக்கும் தீவு லெய்டன் ஆனது, காரைநகர் அம்ஸ்ரர்டாம் ஆனது. அவை வழக்கொழிந்தன. ஆனால் நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் இன்றைக்கும் ஆங்கிலத்தில் நிலைத்து நிற்கிறது.

பெயரை மற்றவர் சூட்டினால் எது நிலைக்கும் என்று சொல்ல முடியாது. கூகுளிலும் அப்படித்தான். நாங்கள் தெளிவாகச் சொல்லாவிட்டால் அது தானாக ஒன்றை வைத்துவிடும்.

இளையவர்கள் ஆங்கிலப் பெயர் வேண்டும் என்றார்கள். கனடாவிலும் பிரான்ஸிலும் பிறந்த பிள்ளைகள் பலருக்குத் தமிழ் வாசிக்க வராது, அவர்கள் ஆங்கில எழுத்தில்தான் தேடுவார்கள் என்பது அவர்களின் நியாயம். மூத்தவர்கள் தமிழ் என்றார்கள். காசு அனுப்புபவர்கள் பெரும்பாலும் ஊரை விட்டுப் போன முதல் தலைமுறை, அவர்கள் நம்புவது தமிழ்ப் பெயரைத்தான் என்பது அவர்களின் நியாயம். இரண்டும் சரி. ஆனால் தளத்துக்கு ஒரு பெயர்தான். கடைசியில் தமிழ்ப் பெயரை முதன்மையாகவும், ஆங்கிலப் பெயரை மாற்றுப் பெயராகவும் வைத்தோம்.

ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் கவனம் வேண்டும். 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தின் முகவரியைப் பாருங்கள். நாங்கள் உச்சரிப்பது போல ‘க’ வுக்கு ‘எச்’ போட்டிருக்கிறார்கள். தமிழகத்தில் ஒருவர் ‘ஜி’ போட்டுத் தேடக்கூடும். ஒரு கூட்டலைத் தெரிவுசெய்தால் முகவரி, முகநூல், கடிதத் தலைப்பு எல்லாவற்றிலும் அதையே பாவியுங்கள்.

செய்ய வேண்டியவை

இனி வேலையை வரிசையாகத் தருகிறேன். குறிமுறையில் வரும் சொற்களை ஆங்கில எழுத்திலேயே அடிக்க வேண்டும்.

முதலாவது, முகப்புப் பக்கத்தின் குறிமுறையில் ‘வெப்சைட்’ என்ற வகையில் ஒரு சிறு தரவுத் துண்டைச் சேருங்கள். இதைக் கட்டமைப்புத் தரவு என்பார்கள். 2011 இல் கூகுள், பிங், யாஹூ ஆகியவை சேர்ந்து தொடங்கிய ஸ்கீமா என்ற பொது ஒழுங்கின்படி எழுதப்படுவது. பெரும்பாலும் ஜேசன்-எல்டி வடிவில் இருக்கும். அதில் மூன்று புலங்கள் போதும். ‘நேம்’ என்பதில் உங்கள் பெயர். ‘ஆல்டர்நேட்நேம்’ என்பதில் மாற்றுப் பெயர்கள், விருப்ப வரிசைப்படி. ‘யூஆர்எல்’ என்பதில் முகப்பின் முகவரி. முதற்பெயரை ஏற்க முடியாவிட்டால் கூகுள் அடுத்த பெயரைப் பார்க்கும். மாற்றுப் பெயர் என்றதும் ஊரின் பெயர்கள் எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். அது தளத்தின் மாற்றுப் பெயருக்கான இடம்.

இரண்டாவது, அதே பெயரை முகப்பின் தலைப்பிலும், பக்கத்தில் தெரியும் முதற் பெருந்தலைப்பிலும், ‘ஓஜி சைட் நேம்’ என்ற குறிப்பிலும் எழுதுங்கள். இந்தக் கடைசிக் குறிப்பு 2010 இல் ஃபேஸ்புக் கொண்டுவந்த ஓப்பன் கிராப் ஒழுங்கைச் சேர்ந்தது. ஓர் எழுத்துக்கூட வேறுபடாமல் இருக்கட்டும்.

மூன்றாவது, வேர்ட்பிரஸ் பாவிப்பவர்கள் அமைப்புகள் பகுதியில் பொது என்பதைத் திறந்து தளத் தலைப்பைப் பாருங்கள். ‘இன்னுமொரு வேர்ட்பிரஸ் தளம்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் முன்பு தானாக வந்த வாசகத்தை மாற்றாமல் விட்ட தளங்கள் இன்னும் உண்டு. யோஸ்ட் போன்ற செருகிகளில் தளப்பெயருக்கும் மாற்றுப் பெயருக்கும் தனிப் புலங்கள் உள்ளன. அவற்றை நிரப்பினால் குறிமுறையைத் தொட வேண்டியதில்லை.

நான்காவது, கூகுள் முகப்புக்குள் வர முடிகிறதா என்று பாருங்கள். வேர்ட்பிரஸில் தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் ஒரு சிறு பெட்டி உண்டு. தளம் கட்டும்போது அதில் சரிக்குறி போட்டுவிட்டுப் பிறகு எடுக்க மறப்பது வழமை. முகப்பிலிருந்து வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட்டிருந்தால் அந்தப் பக்கமும் திறந்திருக்க வேண்டும்.

ஐந்தாவது, பெயர் சுருக்கமாகவும் உங்களுக்கே உரியதாகவும் இருக்கட்டும். நீண்டால் கைபேசியில் பாதியில் வெட்டுப்படும். ஊரின் பெயரை மட்டும் வைத்தால் அது பொதுப்பெயர், இயந்திரம் ஏற்காமல் விடலாம். ஊரோடு நிலையத்தையோ சங்கத்தையோ சேருங்கள். கூடவே 48 பிக்சலுக்குக் குறையாத சதுரப் படமொன்றைச் சின்னமாக வையுங்கள்.

ஆறாவது, சேர்ச் கொன்சோலில் உங்கள் தளத்தைப் பதிந்து, முகவரிப் பரிசோதனைக் கருவியில் முகப்பைக் கொடுத்து, மீண்டும் வாசிக்கும்படி கேளுங்கள். பிறகு காத்திருங்கள். சில நாட்களும் ஆகலாம், சில கிழமைகளும் ஆகலாம். இடையில் திரும்பத் திரும்ப மாற்றாதீர்கள். நான் மாற்றியதால்தான் எனக்கு இவ்வளவு காலம் பிடித்தது.

எங்கள் பெயர் நான்காவது கிழமை சரியாக வந்தது. அதைப் படமெடுத்து அந்த அக்காவுக்கு அனுப்பினேன். அவர் தன் கைபேசியிலும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் பதில் எழுதினார்: “ஓம் தம்பி, இப்ப எங்கட பேர்தான் நிக்குது.” தன் பங்கை அனுப்பியதோடு, தெரிந்த நாலு குடும்பத்துக்கும் பக்கத்தை அனுப்பிவைத்தார்.

தாங்கி இப்போது முன்பள்ளி வளவில் நிற்கிறது. இதை வாசித்து முடித்ததும் உங்கள் சங்கத்தின் பெயரை உங்கள் கைபேசியில் ஒரு தடவை தேடிப் பாருங்கள். மேலே நிற்பது யாருடைய பெயர் என்று கவனியுங்கள். உங்களுடையது இல்லையென்றால், முதலில் முகவரியைப் பாருங்கள், பிறகு எழுத்தைப் பாருங்கள், தலைப்புக்கு அதற்குப் பிறகு வாருங்கள்.